அந்த வீட்டுக்கு அரிசி வாங்குவது யார்?

"மாமா, பழைய குடும்பப் படம் போட்டா அரை மணி நேரத்துக்கு மேல தாங்கல, ஒரே அழுகை. புதுசுல நல்லாருக்குன்னு சொல்றதப் போட்டா யாரும் பேசவே மாட்டேங்காங்க. ரெண்டுல எது உசத்தி? நான் எங்கேருந்து தொடங்க?" என்று தங்கை மகன் பெங்களூரிலிருந்து கேட்டிருக்கிறான். போனில் சொல்லி முடிகிற காரியம் இல்லை. இதையே கேட்கிற பிள்ளைகள் வேறு பேரும் இருப்பார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

மருமகனே, பழசா புதுசா என்று பார்த்து நான் எந்தப் படத்தையும் எடை போட்டதில்லை. என்னிடம் இருப்பது ஒரே ஒரு அளவுகோல். அதை எனக்குக் கொடுத்தது உன் அம்மாச்சி.

அம்மா அப்போது அண்டியாபீசில் வேலை பார்த்தாள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், முந்திரி ஆலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. அண்டி தல்லித் தல்லி, அதாவது கொட்டையை உடைத்து உடைத்து, தோட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கறுப்பு போகாது. சனிக்கிழமை கூலி. ஞாயிற்றுக்கிழமை என்னையும் உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஓலைக்கொட்டகைக்குப் போவாள். அங்கேதான் 'பாசமலர்' பார்த்தேன். 1961-இல் வந்த படம்; எங்கள் கொட்டகைக்கு அது எத்தனையாவது வரவு என்று யாருக்கும் கணக்கில்லை. கடைசிக் காட்சியில் சிவாஜி 'கைவீசம்மா கைவீசு' என்று சொல்லும்போது பெஞ்சு முழுக்க மூக்கு உறிஞ்சுகிற சத்தம். அம்மாவும் அழுதாள். அந்தக் கறுத்த விரல்களால் கண்ணைத் துடைத்தது இப்போதும் எனக்குத் தெரிகிறது. வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் சொன்னது வேறு: "மக்களே, அவன் முதலாளி ஆனது அவ சேத்து வச்ச சக்கறத்துலல்லா?"

சக்கறம் என்பது திருவிதாங்கூர் காலத்துக் காசு. காசு போய்விட்டது, பேச்சில் பணத்துக்கே அது பெயராக நின்றுவிட்டது. அம்மா சொன்னது படத்தின் தொடக்கத்தில் வருகிற காரியம். ஆலை மூடி அண்ணனுக்கு வேலை போகிறது. தங்கை ராதா பொம்மை செய்து சேர்த்த பணத்தை எடுத்து அவன் கையில் கொடுக்கிறாள். அதில் தொழில் தொடங்கித்தான் அவன் வளர்கிறான், தான் கூலிக்கு நின்ற ஆலையையே வாங்குகிறான். அதனால் அந்த அண்ணன் தங்கை வெறும் பாசத்தால் மட்டும் கட்டுண்டவர்கள் இல்லை. ஒரே முதலில் எழுந்த இரண்டு அநாதைகள். பிறகு அவள் புகுந்த வீட்டில் ஒவ்வொரு சொல் விழும்போதும் நமக்கு ஏன் அப்படி வலிக்கிறது என்றால், அந்தக் கடன் தீராத கடன் என்று நமக்குத் தெரியும். கே.பி. கொட்டாரக்கரா எழுதிய கதை, ஆரூர்தாஸ் வசனம், பீம்சிங் டைரக்‌ஷன். கண்ணீருக்கு முன்னால் கணக்கை வைத்துவிட்டார்கள். உனக்கு அழுகை மட்டும் தெரிகிறது என்றால், யாரோ கடைசிக் காட்சியை மட்டும் வெட்டிப் போட்டதை மொபைலில் பார்த்திருக்கிறாய் என்று அர்த்தம்.

அன்றிலிருந்து எந்தக் குடும்பப் படம் பார்த்தாலும் எனக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும்: இந்த வீட்டுக்கு அரிசி வாங்குவது யார்? அது அந்த டைரக்டருக்குத் தெரிந்திருந்தால் படம் பாதி ஜெயித்தது. தெரியாவிட்டால் எத்தனை பெரிய நடிகர் அழுதாலும் எனக்குக் கண் கலங்காது.

நம் ஊர்க்காரர் ஒருவரிடமிருந்தே தொடங்கலாம். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணனைச் சிரிப்பு நடிகராக மட்டும்தான் உன் வயதுக்காரர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் படமும் இயக்கினார். 1952-இல் அவர் இயக்கிய படத்தின் பெயரே 'பணம்'. அதில் 'எங்கே தேடுவேன் பணத்தை' என்று அவரே பாடி வருவார். சிரிக்க வைத்தபடியே, பணம் எங்கெங்கே போய்ப் பதுங்கியிருக்கிறது என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டுக்கொண்டே போவார். 1959-இல் வந்த 'பாகப்பிரிவினை'யில் ஒரே வீட்டின் நடுவில் சுவர் எழும்பும். பாகம் பிரிக்கிறபோது வீட்டில் உள்ள பெண்களின் முகம் எப்படி மாறும் என்று நேரில் பார்த்தவன் நான். கூட்டுக் குடும்பத்தை எதற்கெடுத்தாலும் தெய்வமாக்கிக் காட்டிய அந்தக் காலத்திலும், அது சொத்தில் போய்த்தான் உடைகிறது என்பதை மறைக்காமல் காட்டிய படம். பழைய படங்களில் எனக்குக் குறையே இல்லையென்று சொல்லவில்லை. சண்டை மூட்டிவிட ஒரு அத்தையையோ சித்தியையோ கொண்டுவந்து, எல்லாப் பழியையும் அந்தத் தலையில் போட்டுவிடுகிற பழக்கம் அவற்றில் உண்டு. 'பாசமலர்' கூட அதிலிருந்து தப்பவில்லை.

இப்போது கடல் பக்கம் வா. 1965-இல் ராமு காரியாட் மலையாளத்தில் எடுத்த 'செம்மீன்' குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்ற முதல் தென்னிந்தியப் படம். தகழி எழுதிய அந்த நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் நாகர்கோவிலில் வாழ்ந்த சுந்தர ராமசாமி. எல்லோரும் அதைக் காதல் கதை என்பார்கள், கடலம்மா கதை என்பார்கள். சலில் சௌத்ரியின் பாட்டைச் சொல்வார்கள். எனக்கு அது ஒரு கைமாற்றுக் கடனின் கதை. செம்பன்குஞ்சுக்கு வள்ளமும் வலையும் வேண்டும். மகள் கருத்தம்மா மேல் பிரியம் வைத்திருக்கிற பரீக்குட்டியிடம் போய்ப் பணம் வாங்குகிறான். பிடிக்கிற மீனை உனக்கே தருகிறேன் என்கிறான். வள்ளம் வந்ததும் மீனும் கொடுக்கவில்லை, பணமும் கொடுக்கவில்லை. பரீக்குட்டி நொடித்துப் போகிறான். அந்தக் கடனைத் தீர்த்துவிடச் சொல்லி கருத்தம்மா எத்தனை தடவை கேட்கிறாள் என்று எண்ணிப் பார். அதைத் தீர்க்காமல் அவளால் இன்னொருவனுக்கு மனம் ஒப்பி மனைவியாக முடியவில்லை. காதலை மறக்கச் சொன்னால்கூட அவள் மறந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றும். தன்னால் ஒருவன் கடையிழந்து கரையில் பாடிக்கொண்டு திரிகிறான் என்பதை எப்படி மறப்பது? குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ கரையில் நின்று கேட்டுப் பார், முன்பணம் வாங்கினவனுக்கும் கொடுத்தவனுக்கும் நடுவில் எத்தனை உறவு கட்டிக் கிடக்கிறது என்று.

எங்களுக்கு ஒரு கொடுப்பினை இருந்தது. 1956 நவம்பர் 1-இல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் பக்கமிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது, ஆனால் எங்கள் கண்ணும் காதும் இரண்டு பக்கமும் திறந்தே இருந்தன. எண்பதுகளின் கடைசியில் மொட்டைமாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருவனந்தபுரம் பக்கம் திருப்பினால் மலையாளப் படம் வரும். "வந்தாச்சா?" என்று நான் மேலேயிருந்து கத்த, "இல்ல, பொட்டுப் பொட்டா இருக்கு" என்று உன் அம்மா கீழேயிருந்து கத்துவாள். அப்படிப் பார்த்ததுதான் 1989-இல் வந்த 'கிரீடம்'. லோகிததாஸ் எழுத்து, சிபி மலயில் இயக்கம். ஒரு ஹெட் கான்ஸ்டபிளுக்கு ஒரே ஆசை, மகன் எஸ்.ஐ. ஆக வேண்டும். அந்த வீட்டில் உள்ள எல்லோருடைய எதிர்காலமும் அந்த ஒரு வேலையின் மேல் நிற்கிறது. சந்தையில் அப்பாவை அடிக்கிற ரவுடியை மகன் திருப்பி அடித்த நொடியில் எல்லாம் சரிகிறது. கத்தியைக் கீழே போடச் சொல்லி திலகன் மகனிடம் கெஞ்சுகிற இடத்தில், அந்தக் குரலில் போலீஸ்காரன் பாதி, அப்பன் பாதி. தமிழிலும் மலையாளத்திலுமாக நான் பார்த்த நடிப்பில் இதற்கு மேல் ஒன்று சொல்லத் தெரியவில்லை. 1991-இல் பரதன் எடுத்த 'அமரம்' பார்த்தபோது, மகளை டாக்டராக்க ஆசைப்படுகிற அந்த மீன்காரனாக மம்மூட்டியைப் பார்த்து, எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறவர் "இது நம்ம கதையாக்கும்" என்றார்.

பாலசந்தர் படங்களில் வசனம் எனக்குச் சில நேரம் கூடுதலாகத் தெரியும். ஆனால் 1974-இல் வந்த 'அவள் ஒரு தொடர்கதை'யை விட்டுவிட முடியாது. ஒரு பெண்ணின் சம்பளத்தில் ஒரு வீடே சாப்பிடுகிறது, அந்த வீடே அவளைக் கோபக்காரி என்கிறது. அவளுக்கு ஏன் அத்தனை கோபம் என்று படம் ஒரு இடத்திலும் மன்னிப்புக் கேட்கும் தொனியில் பேசவில்லை. சுஜாதாவின் அந்த விறைத்த கழுத்தை நான் எத்தனையோ சம்பாதிக்கிற அக்காமாரிடம் பார்த்திருக்கிறேன்.

நீ தொடங்க வேண்டிய படம் 'வீடு'. 1988, பாலு மகேந்திரா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூர்தர்ஷனில் பிறமொழி விருதுப் படங்கள் போடுவார்களே, அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டில் பார்த்தோம். அப்போது எங்கள் சொந்த வீடு பாதியில் நின்றது. கான்கிரீட் போடக் காசில்லாமல், தூண்களின் மேல் கம்பிகள் நீட்டிக்கொண்டு, துருவேறி, மழைக்கு மழை செங்காவி வழிந்துகொண்டிருந்தது. படத்தில் சுதா ஒரு நடுத்தரச் சம்பளக்காரி. குடியிருக்கிற வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். தங்கை, தாத்தா, அவள். இருக்கிற மனையில் ஒன்றை விற்று, கடன் போட்டு, வீடு கட்டத் தொடங்குகிறாள். அதற்குப் பிறகு படத்தில் நடப்பதெல்லாம் நம் வீடுகளில் நடப்பதுதான். அளவு, பிளான், கையெழுத்து, லஞ்சம், சிமென்ட், மணல். கான்ட்ராக்டர் சிமென்ட் மூட்டையைத் திருடுவதைக் காட்டிக்கொடுப்பது மங்கம்மா என்கிற சித்தாள். அந்த வீட்டில் தனக்குப் பங்கே இல்லாதவளுக்குத்தான் அந்தச் சுவர் உறுதியாக நிற்க வேண்டும் என்ற அக்கறை. பாட்டு கிடையாது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பிலிருந்துதான் பின்னணி.

தாத்தாவாக வருகிறவர் சொக்கலிங்க பாகவதர். பாதி எழுந்த வீட்டைப் பார்க்க அவர் தனியாகப் புறப்பட்டு வருகிறார். ஒவ்வொரு அறையாகப் போய் நிற்கிறார். பூசாத சுவரைத் தடவிப் பார்க்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் குடியேறப் போவதில்லை என்பது நமக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. அந்த இடத்தில் எங்கள் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் பூசாத சுவரின் முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். படம் முடிந்துதான் உள்ளே வந்தார். "கடைசில என்ன ஆச்சு?" என்று கேட்டார். அந்த நிலத்தைக் குடிநீர் வாரியம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டார்கள் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. எனக்கு அந்தப் படத்தின் விருது அப்பா வெளியே போய் நின்ற அந்தக் கால்மணி நேரம்.

"யாரும் பேச மாட்டேங்காங்க" என்றாயே, அதற்கு வருகிறேன். பேசாமல் இருப்பதற்கு இரண்டு காரணம் உண்டு. பேச இருப்பதையெல்லாம் பொருள்கள் பேசிவிடுவதால் மனிதர்கள் பேசாமல் இருப்பது ஒன்று. எழுதியவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லாததால் பேசாமல் இருப்பது இன்னொன்று. இரண்டாவது வகைப் படம் இப்போது நிறைய வருகிறது. நாயகன் மனம் உடைந்து கடலைப் பார்த்து நிற்பான், பின்னால் கிதார் வாசிக்கும். அவன் வேலைக்குப் போவதில்லை, ஆனால் வாடகையும் பெட்ரோலும் எப்படியோ நடக்கிறது. அந்த மௌனத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

முதல் வகைக்கு 'மேற்குத் தொடர்ச்சி மலை' பார். லெனின் பாரதி, 2018. ரங்கசாமி தலைச்சுமையாக மூட்டை தூக்கி மலையேறி இறங்குகிறவன். துண்டு நிலம் ஒன்று வாங்க வேண்டும், அவ்வளவுதான் கனவு. சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் வாங்கிய ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் விழுந்து சிதறுகிற காட்சியில் வசனமே தேவைப்படவில்லை. அந்த மூட்டைக்குள் எத்தனை நடை இருந்தது என்று நாம் கூடவே நடந்து பார்த்துவிட்டோமே. கடைசியில் தன் நிலமாக இருந்த இடத்தில் காற்றாலைக்குக் காவல்காரனாக உட்கார்ந்திருப்பான். கேமரா மேலே மேலே போகும், ஒன்று, பத்து, பின்னும் எத்தனையோ காற்றாலைகள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகத் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகும்போது சின்ன வயதில் நீ அவற்றை எண்ணிக்கொண்டே வருவாய். படம் பார்த்த பிறகு அந்த வழியில் போனால், ஒவ்வொன்றின் அடியிலும் யாராவது ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்களா என்றுதான் என் கண் தேடுகிறது.

செழியனின் 'டு லெட்' அதே ஜாதி. 'வீடு' எந்தப் பயத்தில் தொடங்கியதோ அந்த வாடகைப் பயத்தை மட்டுமே முழுப் படமாக எடுத்திருக்கிறார். மணிகண்டனின் 'காக்கா முட்டை'யில் இரண்டு சிறுவர்கள் தண்டவாளத்தோரம் கரி பொறுக்கி விற்று ஒரு பீட்சாவுக்குக் காசு சேர்க்கிறார்கள். எத்தனை நாள் கரிக்கு ஒரு பீட்சா என்கிற கணக்கில் சென்னை முழுதும் வந்துவிடுகிறது. 2025-இல் வந்த 'குடும்பஸ்தன்' சிரிப்புப் படமாகத்தான் விற்கப்பட்டது. வேலை போனதை வீட்டில் சொல்லாமல் கடன்மேல் கடன் வாங்குகிற அந்த மாப்பிள்ளையைப் பார்த்து நான் சிரித்ததைவிட வயிறு கலங்கியதே அதிகம். பழைய குடும்பப் படத்தின் வாரிசு என்று எனக்குத் தோன்றுவது இப்படிப்பட்டவைதான்.

2021-இல் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' வந்தபோது அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தேன். ஜியோ பேபி எடுத்த மலையாளப் படம். நறுக்கு, அரை, வடி, கழுவு, துடை, மறுபடி நறுக்கு. பாத்திரம் கழுவுகிற தொட்டியின் பைப் ஒழுகுகிறது. அந்தப் பெண் புருஷனிடம் சொல்கிறாள், பிளம்பரைக் கூப்பிடுகிறேன் என்கிறான், கூப்பிடுவதில்லை. அடியில் வாளி வைத்து அழுக்குத் தண்ணீரைப் பிடிக்கிறாள். எனக்கு முதல் அரை மணி நேரத்தில் கொஞ்சம் இழுவையாகத் தோன்றியது, ஒளிக்காமல் சொல்கிறேன். அம்மாவுக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு தடவை அந்த வாளி வரும்போதும், "மொதல்ல அந்தப் பைப்ப சரி பண்ணுங்கலே" என்று டி.வி.யைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அந்தத் தண்ணீர் யார்மேல் போய் விழுகிறது என்று நீயே பார். அம்மா எழுந்து போய் எங்கள் அடுக்களைக் குழாயை ஒருமுறை இறுக்கி மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் இழுவை என்று நினைத்ததெல்லாம் அவள் ஐம்பது வருஷம் நின்ற இடம்.

என் அளவுகோலுக்குள் அடங்காத படமும் உண்டு. மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்', 1979. அதில் சுந்தரவடிவேலுவுக்குப் பணமுடை இல்லை. அவன் கொடுமைக்குக் கடன் காரணமில்லை, குடி காரணமில்லை. வீட்டில் சாப்பாடு இருக்கிறது, அன்பு மட்டும்தான் இல்லை. இதுவரை நான் ஒருவன்தான் கெட்டவனாக இருந்தேன், இப்போது உங்களையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேன் என்கிற பொருளில் ஊராரிடம் சொல்லிவிட்டு ஆற்றுக்குள் போகிறானே, அப்போது கரையில் அந்த இரண்டு பிள்ளைகள் நிற்பது எந்தக் கணக்குக்குள்ளும் வரவில்லை. தமிழில் எடுத்த குடும்பப் படங்களில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். ஆனால் இதை முதலில் பார்க்காதே. நாலைந்து படம் பார்த்துக் கண் பழகியபின் பார்.

மலையாள டைரக்டர் லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்' உனக்குப் பிடிக்கும். வேளாங்கண்ணி போய்த் திரும்புகிற மலையாளி ஒருவன் தமிழ்க் கிராமத்தில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, ஒரு வீட்டுக்குள் சொந்த வீடு போல நுழைந்து தமிழ் பேசத் தொடங்குகிறான். படம் முழுக்கப் பழைய தமிழ்ப் பட வசனமும் பாட்டும் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டே இருக்கும். 'மேற்குத் தொடர்ச்சி மலை'க்குக் கேமரா பிடித்த தேனி ஈஸ்வர்தான் இதற்கும். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொந்தக்காரர்கள் உள்ள நமக்கு அந்த மயக்கம் புதிதில்லை.

நம் மாவட்டத்துக் கதையே ஒன்று இருக்கிறது, 'ஒழிமுறி'. 2012, ஜெயமோகன் எழுதி மதுபால் இயக்கியது. படம் மலையாளம், ஆனால் பேச்சு கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பேச்சு. தலைப்புக்கு மணமுறிவுப் பத்திரம் என்று பொருள். வயதான காலத்தில் ஒரு மனைவி புருஷனிடமிருந்து விடுதலை கேட்டுக் கோர்ட்டுக்குப் போகிறாள், மகனுக்கு ஏன் என்றே புரியவில்லை. மருமக்கத்தாய முறையில் வீடும் நிலமும் பெண்வழியில் போய்க்கொண்டிருந்தன. 1925-இல் வந்த திருவிதாங்கூர் நாயர் சட்டத்துக்குப் பிறகு அது ஆண்கள் பக்கம் திரும்பியது. சொத்து கைமாறியதும் வீட்டுக்குள் யார் குரல் உயர்ந்தது, யார் குரல் அடங்கியது என்பதுதான் படம். லால் அப்பாவும் தாத்தாவுமாக வருகிறார், ஸ்வேதா மேனன் அந்தப் பழைய காலத்து மாமியார். அவர் தலை நிமிர்த்தி நடக்கிற நடையில் ஒரு சொத்துரிமையே தெரியும்.

முதலில் 'வீடு', பிறகு 'பாசமலர்' முதலிலிருந்து முடிவு வரை, அப்புறம் 'மேற்குத் தொடர்ச்சி மலை', 'செம்மீன்'. மற்றதெல்லாம் உன் இஷ்டம். 'ஒழிமுறி'யை மட்டும் அங்கே தனியாக உட்கார்ந்து பார்க்காதே. டிசம்பர் லீவுக்கு ஊருக்கு வா, அம்மாச்சியோடு பார்ப்போம். அந்தப் பேச்சில் பாதி உனக்குப் புரியாது. நிறுத்தி நிறுத்தி அவளே சொல்வாள்.